பெங்களூரில் ஐரிஸ்: எது பூக்கும், எது இலையோடு நின்றுவிடும்

கேள்வி இது: "ஏப்ரல் கடைசியில் ஸ்ரீநகர் போயிருந்தோம். நீலமும் வெள்ளையுமாக ஐரிஸ் பூத்திருந்ததைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. பெங்களூர் வித்யாரண்யபுராவில் சொந்த வீடு. வாசலில் பத்தடிக்கு நாலடி மண் தரை, மேலே மொட்டை மாடி. எந்த ரகம் வாங்கலாம்? வெட்டி ஜாடியில் வைக்கும் அளவுக்குப் பூக்குமா? நன்றாக வந்தால் பூக்கடைக்குக் கொடுக்க முடியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விற்கும் யோசனை வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். வீட்டுக்கு என்றால் தாராளமாக முயலலாம். ஆனால் நீங்கள் ஸ்ரீநகரில் பார்த்த அதே ஐரிஸை மறந்துவிட வேண்டும். இதை நான் இரண்டு வருஷமும் கணிசமான பணமும் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அங்கே நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தாடி ஐரிஸாக இருக்கும். மேல்நோக்கி நிற்கும் மூன்று இதழ், கீழே மடங்கித் தொங்கும் மூன்று இதழ். தொங்கும் இதழின் நடுவே பல் துலக்கும் பிரஷ் மாதிரி ஒரு மயிர்க்கோடு இருக்கும். அதுதான் தாடி. காஷ்மீரில் கல்லறைகளின் மேல் இதை நட்டு வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இந்தச் செடியின் கிழங்கு இஞ்சி மாதிரி மண்ணில் படுத்துக் கிடக்கும். பனிக்காலத்தில் வாரக்கணக்கில் நல்ல குளிர் பட்டால்தான் உள்ளே பூமொட்டு உருவாகும்.

நம் ஊர்க் குளிர் அதற்குப் போதாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஜனவரி இரவில் வெப்பம் சராசரியாக 15, 16 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். நாம் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகும் குளிரை, தாடி ஐரிஸ் இளவேனில் என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் மழை. மே மாதம் ஆரம்பித்து அக்டோபர் வரை விட்டு விட்டுப் பெய்யும் ஊர் இது. தாடி ஐரிஸின் கிழங்கோ முதுகில் வெயில் பட, பாதி வெளியே தெரியும்படி காய்ந்து கிடக்க வேண்டிய ஜாதி.

ஸ்ரீநகரில் வேலை பார்த்த உறவுக்காரர் ஒருவர் எனக்கு ஐந்து கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். செம்மண்ணில் மணல் கலந்து, மேடு கட்டி, புத்தகத்தில் சொன்ன மாதிரியே நட்டேன். இலை அபாரமாக வந்தது. விசிறி விரித்த மாதிரி, சாம்பல் பூத்த பச்சை. முதல் வருஷம் பூ இல்லை. சரி, இடம் மாறிய களைப்பு என்று விட்டேன். இரண்டாவது ஜூனில் ஒரு காலை இலையைத் தொட்டால் மொத்த விசிறியும் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு கூழாகியிருந்தது. நாற்றம் தெருவரை வந்தது. பாக்டீரியாவால் வரும் மென்னழுகல் அது. ஒரு தடவை அந்த வாடையை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆகவே, யாராவது தாடி ஐரிஸ் கிழங்கைப் பெங்களூரில் "கட்டாயம் பூக்கும்" என்று விற்றால், சிரித்துவிட்டு நகருங்கள்.

இனி நம்மால் முடிந்ததைப் பார்க்கலாம். பூக்கடைக் கொத்தில் வரும், ஒல்லித் தண்டும் நீலப் பூவுமான ஐரிஸ் டச்சு ஐரிஸ். பெயர்தான் டச்சு; பூர்வீகம் ஸ்பெயினும் மொராக்கோவும். அந்தப் பக்கத்துக் காட்டு ஐரிஸ்களைக் கலந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்தின் வான் டூபர்கன் என்ற நிறுவனத்தார் உருவாக்கிய கலப்பினம். இதன் கிழங்கு வெங்காயம் மாதிரி, உரித்தால் அடுக்கு அடுக்காக வரும். பூர்வீகத்தை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே கோடை காய்ச்சி எடுக்கும், குளிர்காலத்தில் மழை பெய்யும். கிழங்கு முதலில் வெப்பத்தில் கிடந்து பிறகு குளிரைப் பார்த்தால்தான் அதற்கு நாள் கணக்குப் புரியும். வெப்பத்தைப் பெரும்பாலும் கிழங்கு விளைவிப்பவர்களே கிடங்கில் கொடுத்துவிடுவார்கள். குளிரை நாம் ஃப்ரிட்ஜில் கொடுக்கலாம்.

இந்தக் கிழங்கைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. டச்சு ஐரிஸ் கிழங்குக்குப் புகை போட்டால் சீக்கிரமாகவும், கூடுதல் எண்ணிக்கையிலும் பூக்கும். புகையில் இருக்கும் எத்திலீன் வாயுதான் காரணம். நம் ஊரில் வாழைத்தாரைக் குழியில் இறக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பார்களே, அதே வாயு, அதே வேலை. ஹாலந்துக்காரர்கள் இப்போது எத்திலீனை அளந்து கொடுக்கிறார்கள். வீட்டில் நாம் புகை போடத் தேவையில்லை. நல்ல இடத்தில் வாங்கினால் அது முடிந்தே வரும்.

செய்முறையைச் சற்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெங்களூரில் டச்சு ஐரிஸ் தோற்பதெல்லாம் நாள் தவறுவதால்தான். செப்டம்பரில் கிழங்கு கைக்கு வர வேண்டும். பெரியதாகப் பார்த்து எடுங்கள். சுற்றளவை வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள். 8 செண்டிமீட்டருக்கு மேல் சுற்றளவு இருந்தால் நம்பலாம். பூண்டுப் பல் அளவில் இருப்பது மலிவாகக் கிடைக்கும், இலை மட்டும் விடும். அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும். மெத்தென்றிருந்தாலோ அடித்தட்டில் நீலப் பூஞ்சணம் ஓடியிருந்தாலோ வேண்டாம்.

காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில், 8 முதல் 10 டிகிரியில், ஆறிலிருந்து எட்டு வாரம். ஃப்ரீஸரில் அல்ல. பையின் மேல் பெரிய எழுத்தில் "பூச்செடி, சாப்பிடக்கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் தேடிய என் மாமியார் கையில் இரண்டு கிழங்கு உரிபட்டுவிட்டது. "வெங்காயத்துக்கு வாசனையே இல்லையே" என்று அவர் கேட்டதால் தப்பித்தோம். ஐரிஸ் கிழங்கு விஷம். வயிற்றைப் புரட்டி எடுக்கும். வீட்டில் நாய், பூனை இருந்தாலும் கவனம்.

நவம்பர் நடுவில் வெளியே எடுத்து உடனே நட்டுவிட வேண்டும். எடுத்து ஒரு வாரம் சமையலறையில் வைத்திருந்தால் கொடுத்த குளிரை அது மறக்க ஆரம்பித்துவிடும். எட்டு அங்குலத் தொட்டிக்கு ஐந்து, ஆறு கிழங்கு. கூர்முனை மேலே இருக்க, நான்கு அங்குல ஆழம். மண் கலவையில் செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணலோ கழுவிய எம்-சாண்டோ ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. தென்னை நார்க்கழிவை அதிகம் சேர்க்காதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் கட்டி நிற்கும்.

மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால் தொட்டியைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். டிசம்பரிலும் மதியம் சிமெண்டுத் தரை சூடேறித் தொட்டியின் அடியை வேக வைக்கும். காலை முதல் ஒரு மணி வரை நேர் வெயில், அதற்குப் பிறகு நிழல் என்றால் நம் ஊருக்கு அருமையான ஏற்பாடு. தண்ணீரில் ஒரு விஷயம்: முளைக்கும்வரை அளவாக விட்டால் போதும், இலை ஒரு சாண் வளர்ந்த பிறகு ஒரு நாளும் காயவிடக்கூடாது. மொட்டு உள்ளே உருவாகும் நேரத்தில் இரண்டு நாள் காய்ந்தாலோ, வெயில் போதாமல் போனாலோ, திடீர்ச் சூடு அடித்தாலோ மொட்டு உறைக்குள்ளேயே கருகிவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். நாள் கணக்காகக் காத்திருந்து, பொறுக்க முடியாமல் உறையைப் பிரித்தால் உள்ளே காய்ந்த காகிதம் மாதிரி ஒன்று கிடக்கும். போன தடவை நான் நட்ட இருபதில் பதிமூன்று பூத்தது, நான்கு இப்படிக் கருகியது, மூன்று இலையோடு நின்றுவிட்டது. பெங்களூருக்கு இது மோசமான கணக்கு இல்லை.

ரகம் என்று கேட்டால், 'புரஃபசர் பிளாவ்' என்ற நீலத்தைத் தேடுங்கள். உதட்டில் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். கிழங்குகளுக்கு எந்த வெப்பத்தில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்த டச்சு விஞ்ஞானி ஒருவரின் பெயர் அது. ஃப்ரிட்ஜில் வைத்துப் பூக்க வைக்கும் நமக்கு அவர் ஒருவகையில் குலகுரு. 'புளூ மேஜிக்' இன்னும் அடர்ந்த ஊதா கலந்த நீலம். வெள்ளைக்கு 'காசாபிளாங்கா'. வெளிர்நீல 'வெட்ஜ்வுட்' பழைய பெயர்; கிடைத்தால் வாங்குங்கள். நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் "நீலம், வெள்ளை, மஞ்சள்" என்று மட்டும்தான் எழுதியிருப்பார்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இணையத்தில் ரத்தச் சிவப்பு ஐரிஸ் படம் போட்டு விற்பதைப் பார்த்தால் மட்டும் பக்கத்தை மூடிவிடுங்கள். டச்சு ஐரிஸிலோ தாடி ஐரிஸிலோ அப்படி ஒரு சிவப்பு இன்னும் வரவில்லை. செப்பு, செங்கல், திராட்சை ரசம் வரைக்கும்தான். வானவில்லின் கிரேக்க தேவதையான ஐரிஸின் பெயரை வாங்கிக்கொண்ட பூவுக்கு அந்த ஒரு நிறம் மட்டும் எட்டவில்லை.

ஜனவரிக் கடைசியில் வெட்டலாம். எப்போது என்பதுதான் நுட்பம். பச்சை உறையின் நுனியில் முதலில் ஊதா நிறத்தில் கூரான ஒரு முனை எட்டிப்பார்க்கும், சீவிய கலர் பென்சில் மாதிரி. தூரத்துக்கு அனுப்புபவர்கள் அப்போதே வெட்டுவார்கள். வீட்டுக்கென்றால் இன்னும் ஒரு நாள் பொறுத்து, முறுக்கு லேசாகத் தளர்ந்து முதல் இதழின் ஓரம் பிரியத் தொடங்கும்போது, காலை ஆறு ஏழு மணிக்கு வெட்டுங்கள். பென்சில் நிலைக்கும் முன்னால் வெட்டியது ஜாடியிலேயே கிழடாகிவிடும், விரியாது. சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் விட வேண்டும். தினமும் தண்ணீரை மாற்றி நுனியைக் கொஞ்சம் நறுக்கினால் நான்கு ஐந்து நாள் நிற்கும். முதல் பூ சுருங்கியதும் தூக்கிப் போடாதீர்கள். அதன் கீழே விரலால் அழுத்திப் பாருங்கள். உறைக்குள் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் இரண்டாவது மொட்டு இருக்கிறது. வாடியதைக் கிள்ளிவிட்டால் அதுவும் பல சமயம் விரியும்.

விற்பது ஏன் வேண்டாம் என்பதற்கு இதுவே பதில். ஒரு கிழங்குக்கு ஒரு தண்டுதான். அடுத்த வருஷம் அந்தக் கிழங்கு நாலைந்து பொடிக் கிழங்குகளாக உடைந்திருக்கும். அவை நம் வெப்பத்தில் பூக்கும் பருமனுக்கு வருவதில்லை. ஆக வருஷா வருஷம் புதிதாக வாங்க வேண்டும். ஒருமுறை ஆசைக்கு ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு கே.ஆர். மார்க்கெட்டில் எனக்குப் பழக்கமான பூக்கார அம்மாவிடம் காட்டினேன். தருமபுரிப் பக்கத்துக்காரர். மூன்று கேள்வி கேட்டார். "வாசனை இருக்கா? தலையில வைக்கலாமா? சாமிக்குப் போடலாமா?" மூன்றுக்கும் இல்லை என்றேன். "அப்புறம் என்னத்துக்கு சார் இவ்ளோ கஷ்டம்?" என்றார். இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

மாடிக்கு டச்சு ஐரிஸ் என்றால், வாசல் மண்ணுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஐரிஸ் குடும்பம்தான், தோற்றமும் ஏறக்குறைய அதேதான். குளிர் கேட்க மாட்டார்கள்.

முதலில் நடக்கும் ஐரிஸ். நர்சரிகளில் வாக்கிங் ஐரிஸ் என்றே கேளுங்கள். பிரேசில்காரர், நியோமரிக்கா என்பது தாவரவியல் பெயர். ஒன்று வெள்ளையில் நீலம், இன்னொன்று உயரமான முழுநீலம், மஞ்சளும் உண்டு. வசம்பு மாதிரி நீள இலை. (ஐரோப்பாவின் மஞ்சள் நீர் ஐரிஸுக்குத் தாவரவியலில் வைத்த பெயரின் பொருளே 'பொய் வசம்பு' என்பதுதான், பூ இல்லாத நாளில் பார்த்தால் நம் பாட்டிமார்களும் ஏமாந்திருப்பார்கள்.) பூ முடிந்ததும் அந்தத் தண்டின் நுனியிலேயே ஒரு குட்டிச் செடி முளைக்கும். அதன் கனத்தில் தண்டு வளைந்து தரையைத் தொட, அங்கே வேர் விடும். அப்படி அடி எடுத்து வைத்துத் தோட்டம் முழுக்க நடந்துவிடும். பூ ஒரே நாள்தான், காலையில் விரிந்து சாயங்காலம் சுருங்கும். ஆனால் என் வீட்டில் எல்லாச் செடியும் பேசி வைத்த மாதிரி ஒரே நாளில் பூக்கும். மறுநாள் ஒன்றும் இருக்காது. சில நாள் கழித்து மறுபடி. பாதி நிழல் போதும். கிழக்குப் பார்த்த வாசலுக்கு இதற்கு மேல் பொருத்தமான செடி எனக்குத் தெரியாது. ஜாடிக்கு ஆகாது.

அடுத்தது டயட்டீஸ், தென்னாப்பிரிக்கா. உங்களுக்குத் தெரிந்த முகம்தான். அடுக்குமாடி வளாகங்களின் நடைபாதை ஓரத்தில் வெள்ளைப் பூவும் நடுவில் ஊதாச் சாயலும் மஞ்சள் கோடுமாக நிற்கும். தண்ணீர் மறந்தாலும் கோபிக்காது. இதில் வெள்ளைப் பூ வகையின் பூந்தண்டை வெட்டாதீர்கள். காய்ந்த குச்சி மாதிரி இருந்தாலும் அதே தண்டு மறுபடி மறுபடி மொட்டு விடும். நம் ஊர்த் தோட்டக்காரர்கள் சுத்தம் செய்கிறேன் என்று அதைத்தான் முதலில் வெட்டுவார்கள், அப்புறம் "பூக்கவே இல்லை" என்பார்கள்.

மூன்றாவது சிறுத்தை லில்லி. ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி. பெயரில் லில்லி என்றாலும் இது அசல் ஐரிஸ். 1753-இல் லின்னேயஸ் இதை ஆர்க்கிட் என்று தவறாகச் சேர்த்தார், பிறகு பெலம்கண்டா என்று தனியாக இருந்தது, 2005-இல் மரபணுச் சான்றை வைத்து ஐரிஸ் பேரினத்துக்குள் கொண்டுவந்தார்கள். விதையிலிருந்தே வளர்க்கலாம், பெரும்பாலும் இரண்டாவது வருஷம் பூக்கும். வாடும் பூ, துவைத்த துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும். அதைவிட எனக்குப் பிடித்தது காய். வெடித்துத் தோல் பின்னால் மடிய, உள்ளே பளபளவென்று கறுப்பு விதைகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டை வெட்டித் தலைகீழாகக் காய வைத்தால் மாதக்கணக்கில் ஜாடியில் நிற்கும். வெட்டி வைக்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு வருஷம் தவறாமல் கைகொடுப்பது இதுதான்.

லூசியானா ஐரிஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கச் சதுப்பு நிலத்துச் செடி, வெக்கையும் ஈரமும் பழக்கம், பிரிஸ்பேன் போன்ற சூடான ஊர்களில் கொண்டாடுகிறார்கள். சற்றுப் புளிப்பான மண்ணும் நிறையத் தண்ணீரும் வேண்டும். ஓட்டையில்லாத தொட்டியில், அல்லிக்கு வைக்கிற மாதிரி வைக்கலாம். தாடி ஐரிஸுக்கு நேர் எதிராக இதன் கிழங்கை வெயில் படாமல் சருகு போட்டு மூட வேண்டும். கிழங்கு கிடைப்பதுதான் நம் நாட்டில் பாடு. கிடைத்தால் விடாதீர்கள், போர்வெல் தண்ணீருக்குப் பதில் மழைத்தண்ணீர் சேர்த்து விடுங்கள்.

கை நிறையக் கொய்மலர்தான் குறி என்றால், ஐரிஸின் பங்காளி கிளாடியோலஸைப் போடுங்கள். அதே குடும்பம், அதே வாள் இலை; கிழங்கு மட்டும் சேப்பங்கிழங்கு மாதிரி உள்ளே அடுக்கில்லாமல் கெட்டியாக இருக்கும். குளிர் கேட்காது. நட்டு மூன்று மாதத்துக்குள் கதிர் வரும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பத்துப் பத்துக் கிழங்காக நட்டால் தொடர்ந்து வெட்டிக்கொண்டே இருக்கலாம். அடி மொட்டு ஒன்றிரண்டில் நிறம் தெரிந்ததும் வெட்டுங்கள், செடியில் நான்கு இலையாவது விட்டுவைத்தால்தான் அடுத்த கிழங்கு பருக்கும். ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணிலேயே உருவாக்கிய 'அர்கா அமர்' போன்ற ரகங்கள் உண்டு.

செடிகளுக்கு லால்பாக் பக்கம் சித்தாபுரா நர்சரி வரிசையில் ஒரு காலைப் பொழுது சுற்றினால் வாக்கிங் ஐரிஸும் டயட்டீஸும் கிடைத்துவிடும். அங்கே தமிழிலேயே பேரம் பேசலாம். வாக்கிங் ஐரிஸுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். தெருவில் யார் வீட்டிலாவது கட்டாயம் இருக்கும், கேட்டால் குட்டியைப் பிய்த்துக் கையில் கொடுப்பார்கள். இப்போது ஜூன் மழை தொடங்கிவிட்டதால் வாசலில் இவற்றை இந்த வாரமே நடலாம். டச்சு கிழங்குக்கு ஆகஸ்டிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டின் பாதியை எட்டு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை வீட்டில் அதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.